ட்ரையல் சந்தாவுக்குத் திடீரென்று இன்வாய்ஸ் வந்தால்: கட்டுவதற்கு முன் ஒரு பதில் எழுதுங்கள்

அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு ஒரு நாள் ஒரு இன்வாய்ஸ் வந்து சேரும். ஏதோ ஒரு வணிகச் செய்திமடலுக்கு ஒரு வருடச் சந்தா, "உங்கள் இலவச ட்ரையல் காலம் முடிந்துவிட்டது, 14 நாளுக்குள் செலுத்தவும்" என்று இருக்கும். மேலே உங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாரோ ஒருவருடைய பெயர். அவரைக் கேட்டால், "நானா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்பார். தொகையும் பெரிதாக இருக்காது, சண்டை போடத் தோன்றாத அளவில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: தொல்லை விட்டது என்று கட்டிவிடுவது, இல்லையென்றால் கிழித்துப் போடுவது. நான் முதல் தடவை கிழித்துத்தான் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சம்பள விதிகள் பற்றிய ஒரு இலவச அறிக்கையை இறக்குவதற்காகப் படிவம் ஒன்றை நிரப்பியிருந்தார், அதற்குக் கீழே ஏற்கெனவே டிக் போடப்பட்ட ஒரு கட்டம் இருந்திருக்கிறது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் கண்டுகொள்ளாமல் விட்ட முதல் இன்வாய்ஸுக்குப் பின்னால் தாமதக் கட்டணத்தோடு இரண்டாவது வந்தது, மூன்றாவது கடிதம் ஒரு வசூல் ஏஜென்சியிடமிருந்து வந்தது. அந்த ஊழியர் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதினோம், அவர்கள் இன்வாய்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் கடிதம் முதல் நாளே போயிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ் வந்துவிட்டதாலேயே நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். அது வெறும் கேட்பு. கடன் உண்டாவது ஒப்பந்தத்தால், ஒப்பந்தம் உண்டாவது இரண்டு பக்கமும் சம்மதிப்பதால். இங்கிலாந்தில் 1862-இல் ஒரு வழக்கு நடந்தது, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்று பெயர், சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் படிக்கிற வழக்கு. ஒருவர் தன் சகோதரன் மகனுடைய குதிரையை வாங்க விரும்பி, "உன்னிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினார். அவன் பதில் எழுதவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காமலேயே நாலு இதழ் அனுப்பிவிட்டு "நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்று பணம் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பிவிடாதீர்கள். பதிவு செய்த அன்றைக்கே "30 நாளில் ரத்து செய்யாவிட்டால் கட்டணச் சந்தாவாக மாறும்" என்ற வரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்து, அதைப் பார்த்து உங்கள் ஆள் ஒப்புக்கொண்டிருந்தால், அங்கே மௌனம் என்ற பேச்சே இல்லை, சம்மதம் முதல் நாளே கொடுக்கப்பட்டுவிட்டது. ஆக மொத்தச் சண்டையும் ஒரே கேள்வியில் நிற்கிறது: பதிவு செய்த அன்று அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது, அதை யார் பார்த்தார்கள்?

அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தேடுங்கள். யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டுத் திட்டாமல் கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்துபோனவர் "நான் இல்லை" என்று சொல்லிவிடுவார், நீங்களும் அதை நம்பிக் கடிதம் எழுதிவிடுவீர்கள், அப்புறம் அவர்கள் அவருடைய மின்னஞ்சலையே ஆதாரமாக அனுப்பினால் உங்கள் பேச்சு எடுபடாது. அவருடைய மின்னஞ்சலில் அனுப்புநரின் டொமைன் பெயரை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை, போட்டுத் தேடுங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. முதலில் வந்த வரவேற்பு மின்னஞ்சல்தான் மிக முக்கியம். அதில் விலை இருக்கிறதா, ட்ரையல் முடியும் தேதி இருக்கிறதா, ரத்து செய்வது எப்படி என்று இருக்கிறதா என்று பாருங்கள். "இலவசம்" என்று மட்டும் இருந்து விலையே சொல்லப்படவில்லை என்றால் அந்த ஒரு மின்னஞ்சலே உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம்.

பதிவுப் பக்கம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் புகார்கள் வந்தபின் பக்கத்தை மாற்றுவது சுலபம், எனவே அன்றைக்கு எப்படி இருந்தது என்பதுதான் வேண்டும். அதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் அங்கே சேமிக்கப்பட்டிருக்காது, ஆனால் இருந்தால் தேதியோடு கிடைக்கும்.

தேடி முடித்ததும் உங்கள் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும். யாருமே பதிவு செய்யவில்லை. அல்லது ஏதோ இலவசம் என்று வாங்கினார்கள், பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரியாது. அல்லது தெரிந்தே ட்ரையல் எடுத்து ரத்து செய்ய மறந்துவிட்டார்கள். உங்களுடையது எது என்பதில் உங்களுக்கு நீங்களே நேர்மையாக இருங்கள்.

இன்னொரு குழப்பம் உண்டு, இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். செய்திமடலின் அடியில் இருக்கும் "அன்சப்ஸ்கிரைப்" இணைப்பை அழுத்திவிட்டு, ரத்து செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மின்னஞ்சல் வருவதைத்தான் நிறுத்தும். ஜிமெயில் காட்டும் அதே பெயருள்ள பட்டனும் அப்படித்தான். சந்தா ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கும், அதுமட்டுமல்ல, அவர்கள் அனுப்பும் நினைவூட்டல்கூட உங்களுக்கு வராமல் போகலாம். ஆனாலும் ட்ரையல் காலத்துக்குள் நீங்கள் அதை அழுத்தியிருந்தால் தேதியோடு கடிதத்தில் குறிப்பிடுங்கள். எங்களுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே காட்டினோம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, கடிதம். மின்னஞ்சலில் அனுப்பலாம், தொலைபேசியில் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். தொலைபேசியில் அவர்கள் இனிமையாகப் பேசி, "அப்படியானால் ஆறு மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்பார்கள், நீங்கள் "பார்க்கலாம்" என்று சொன்னது ஒப்புதலாகப் பதிவாகிவிடும். இன்வாய்ஸ் எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில் எழுதுங்கள். சாரம் இப்படி இருந்தால் போதும்:

"உங்கள் இன்வாய்ஸ் எண் இன்னது, தேதி இன்னது, எங்களுக்குக் கிடைத்தது. இந்தத் தொகையை நாங்கள் ஏற்கவில்லை. இந்தச் சந்தாவுக்கு எங்கள் நிறுவனம் ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரத்தை அனுப்புங்கள்: ஆர்டர் கொடுத்தவர் பெயர், தேதி, நேரம், அப்போது அவருக்குக் காட்டப்பட்ட பக்கத்தின் முழு நகல், விலையும் தானாகப் புதுப்பிக்கும் நிபந்தனையும் அதில் எங்கே இருந்தன என்பது. அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை இருப்பதாக நீங்கள் கருதினால், அது இந்தக் கடிதத்தின் மூலம், முடியக்கூடிய மிக முந்தைய தேதியிலிருந்து ரத்து செய்யப்படுகிறது. இனி எந்த இதழும் அனுப்ப வேண்டாம். இந்தத் தகராறு தீரும்வரை இதை வசூலுக்கு அனுப்ப வேண்டாம்."

இதில் "ஒருவேளை இருப்பதாக நீங்கள் கருதினால்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இந்த வருடத்துச் சண்டையில் ஜெயித்தாலும் அடுத்த வருடம் புதுப்பித்தல் என்று இன்னொரு இன்வாய்ஸ் வரும். அதேபோல வெறுமனே "ரத்து செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் சந்தா இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊழியரைக் குறை சொல்லி, கதை கதையாக விளக்கி எழுத வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் வரியும் அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கிளை. முக்கியமாக, கடிதம் போன பிறகு அந்தத் தளத்தில் லாகின் செய்யாதீர்கள், இதழ்களைத் திறந்து படிக்காதீர்கள், சமாதானத்துக்காக ஒரு பகுதித் தொகையும் கட்டாதீர்கள். பயன்படுத்துவதும் கொஞ்சம் கட்டுவதும் ஒப்புக்கொண்டதற்கான நடத்தை என்று அவர்கள் காட்ட முடியும்.

"அந்த ஊழியருக்கு வாங்கும் அதிகாரமே இல்லை" என்ற வாதத்தைப் பலரும் முதலில் எடுப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். வெளியாள் பார்வையில் அவருக்கு அதிகாரம் இருப்பதுபோலத் தோன்றினால் நிறுவனம் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பது பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. பயிற்சிக்கு வந்தவர் என்றால் வாதம் நிற்கும், மேலாளர் என்றால் சந்தேகம்தான்.

நுகர்வோர் சட்டத்தை நம்பி நிற்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலக்கிக்கொள்ளும் உரிமை 2011-ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது, ஆனால் அது தனிநபர் நுகர்வோருக்கு, நிறுவனத்தின் பெயரில் வாங்கியதற்கு அல்ல. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் ஒரு விதி கொண்டுவந்தது: சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று, அதுவும் வணிகச் சந்தாக்களையும் சேர்த்து. முக்கியப் பகுதிகள் அமலுக்கு வரச் சில நாள் இருக்கும்போது, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். இந்த வகைச் செய்திமடல்கள் நிறுவனங்களைக் குறிவைப்பதற்கு இதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாலு பேர் வேலை செய்யும் அலுவலகத்தைச் சட்டம் பெரிய கம்பெனி மாதிரி நடத்துகிறது.

இன்வாய்ஸ் அனுப்பாமல் கார்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்றால் வழி கொஞ்சம் வேறு. முதலில் செய்திமடல் நிறுவனத்துக்கு அதே கடிதம், பணத்தைத் திருப்பிக் கேட்டு. நாலைந்து நாளில் பதில் இல்லையென்றால் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டிலிருந்து போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் கெடு உண்டு. விசா 2020 ஏப்ரலில் இலவச ட்ரையல்களுக்கென்று விதிகளைக் கடுமையாக்கியது: ட்ரையல் முடிந்து பணம் எடுப்பதற்குக் குறைந்தது 7 நாள் முன்பே, ரத்து செய்யும் வழியோடு நினைவூட்டல் போக வேண்டும். உங்களுக்கு அது வரவில்லை என்றால் வங்கியிடம் அதைச் சொல்லுங்கள். கார்டை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே புதிய கார்டு விவரத்தைப் பழைய வணிகர்களுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் சேவை இருக்கிறது.

கடிதத்துக்குப் பதிலாகச் சிலர் "இன்ன தேதியில் இன்ன ஐபி முகவரியிலிருந்து ஒப்புக்கொண்டீர்கள்" என்று ஒரு வரி அனுப்புவார்கள். ஐபி முகவரி என்பது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண். அந்த எண் யாரோ ஒரு படிவத்தை நிரப்பினார்கள் என்பதைத்தான் காட்டும், என்ன பார்த்து நிரப்பினார்கள் என்பதைக் காட்டாது. பக்கத்தின் நகலைத் திரும்பவும் கேளுங்கள். "இந்த வாரம் கட்டினால் பாதி" என்று வந்தால், கையில் முழு ஆதாரம் இருப்பவர் இவ்வளவு சீக்கிரம் பாதிக்கு இறங்க மாட்டார் என்பது என் கணிப்பு. ஆனால் உங்களுடையது மூன்றாவது நிலை, அதாவது தெரிந்தே எடுத்து மறந்தது என்றால், பாதி நல்ல பேரம்தான். அந்த நிலையில் கோபமாக எழுதாமல், மறந்துவிட்டோம், இதழ்களைத் திறக்கவே இல்லை, இன்றோடு நிறுத்திவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையாக நடத்துகிற பதிப்பாளர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வசூல் ஏஜென்சி கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். அவர்கள் நீதிமன்றம் அல்ல, நீங்கள் கடன்பட்டவரா இல்லையா என்று தீர்மானிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. "இந்தத் தொகை தகராறில் உள்ளது, இன்ன தேதியில் எழுதியிருக்கிறோம்" என்று முதல் கடிதத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள், அவ்வளவுதான். ஆனால் உண்மையான நீதிமன்றத் தாள் வந்தால் கதை வேறு. அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சொல்வதைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் செய்திமடலே இல்லாத வெறும் மோசடி இன்வாய்ஸாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட பெயரில் யாருக்கும் எந்த இதழும் வரவில்லை, அனுப்புநரின் டொமைன் அந்தச் செய்திமடல் நிறுவனத்தின் தளத்தோடு பொருந்தவில்லை என்றால், இன்வாய்ஸில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் நீங்களே தேடி எடுத்த எண்ணில் விசாரியுங்கள்.

அவர்கள் இறங்கி வந்தால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். இன்வாய்ஸ் ரத்து, பாக்கி பூஜ்யம், புதுப்பித்தல் இல்லை என்று மூன்றையும் எழுத்தில் வாங்கி, மொத்தக் கடிதப் போக்குவரத்தோடு ஒரே கோப்பில் போடுங்கள். அப்புறம் பதினொரு மாதம் கழித்து ஒரு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அக்கவுண்ட்ஸில் அப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், அவர் கைக்குத்தான் அடுத்த வருட இன்வாய்ஸ் போகும்.