ஆற்று சால்மனுக்கு மோனோவா, பிரெய்டா?

தூண்டில் நரம்புகளில், 30 பவுண்டு எடை தாங்கும் பிரெய்டும் 8 பவுண்டு தாங்கும் மோனோவும் ஏறக்குறைய ஒரே தடிமன். அதைப் பார்த்ததும் பிரெய்டை வாங்கிவிடத் தோன்றும். ஆனால் ஆற்றில் எடை தாங்குவதைவிட வேறு இரண்டு குணங்கள் முக்கியம்: நரம்பு தண்ணீரில் எப்படிக் கிடக்கிறது, மீன் இழுக்கும்போது எவ்வளவு நீள்கிறது.

மோனோ என்பது நாம் தங்கூசி என்கிற ஒற்றை இழை நைலான். தண்ணீரை உறிஞ்சும், மெல்ல மூழ்கும், நன்றாக நீளும். பிரெய்ட் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. மிதக்கும், நீட்சி இல்லையென்றே சொல்லலாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெடர் ஆற்றில் இலையுதிர் காலத்தில் கோஹோ, சினூக் வகைச் சால்மன்களுக்கு மிதவை போடுபவர்களுக்கு 30 பவுண்டு பிரெய்டே சரி. உங்களுக்கும் மிதவைக்கும் நடுவில் ஓட்டம் வேகமாக இருந்தால், நரம்பு வில்லாக வளைந்து மிதவையை இழுத்துக்கொண்டு போகும். கீழே இரை இயல்பாக நகராது, மீன் தொடாது. மிதக்கும் நரம்பைக் கோல் நுனியால் தூக்கி, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக எளிதில் திருப்பிப் போடலாம். மூழ்கிய மோனோவைத் தூக்கினால் மிதவையும் சேர்ந்து வரும். மஞ்சள் நிறப் பிரெய்ட் வாங்குங்கள், வளைவு கண்ணுக்குத் தெரியும்.

ஈயம் கட்டி அடித்தரையில் உருட்டுவதானால் 15 முதல் 20 பவுண்டு மோனோ போடுங்கள். கூரான பாறை விளிம்பில் இழுபட்டால் பிரெய்டின் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். படகிலிருந்து பிளக் (மீன் போன்ற போலி இரை) விடும்போதும் மோனோவே நல்லது: அது நீள்வதால் மீன் பிளக்கைக் கவ்வித் திரும்ப அவகாசம் கிடைக்கும். நடு அச்சில் தடையின்றிச் சுழலும் சென்டர்பின் ரீலிலும் பிரெய்ட் வேண்டாம், சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும்.

பிரெய்டை ரீலின் வெற்று ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கமாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) கெட்டுவிட்டது போலத் தோன்றும். முதலில் 10 மீட்டர் மோனோ சுற்றி, இரட்டை யூனி முடிச்சால் பிரெய்டை இணையுங்கள். பிறகு ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி 150 மீட்டர் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கிளம்பிச் சிக்கிக்கொள்ளும்.

பிரெய்டின் முனையில் 20 பவுண்டு மோனோ 3 மீட்டர் சேர்த்து, சறுக்கு மிதவையையும், அது எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுத்து முடிச்சையும் அந்த மோனோவின் மேல் ஓடவிடுங்கள். மெல்லிய பிரெய்டில் நிறுத்து முடிச்சு நகர்ந்துவிடும், ஆழம் மாறியதே தெரியாது. மீன் பிடிக்கும் இடத்தின் ஆழம் 3 மீட்டரைத் தாண்டினால் மோனோவையும் நீட்டுங்கள். அடியில் சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதற்குக் கீழே 45 முதல் 60 சென்டிமீட்டர் லீடர் (முள் கட்டும் கடைசித் துண்டு நரம்பு): கோஹோவுக்கு 10–12 பவுண்டு, சினூக்குக்கு 15–20. சினூக்குக்கு 20 பவுண்டு லீடர் கட்டினால் மேலே உள்ள மோனோ 25 பவுண்டு இருக்கட்டும். லீடர்தான் எப்போதும் பலம் குறைந்த கண்ணி. அப்போதுதான் பாறையில் மாட்டினால் தூண்டில் முள் மட்டும் போகும், மிதவை மிஞ்சும்.

முடிச்சு எதுவானாலும் எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். காய்ந்த நைலான் சூடேறி அந்த இடத்திலேயே பலமிழக்கும். சுவிவலில் பிரெய்டை நேராகக் கட்ட நேர்ந்தால் பாலோமர் முடிச்சு. சாதாரண கிளிஞ்ச் முடிச்சு வழுக்கி அவிழும்.

டிராக்கைத் தொங்கு தராசில் இழுத்துப் பார்த்து வையுங்கள்: 12 பவுண்டு லீடருக்கு 3 முதல் 4 பவுண்டு. சால்மன் நழுவுவது பெரும்பாலும் இதில்தான். நீளாத நரம்பும் இறுகிய டிராக்கும் சேர்ந்தால் முதல் பாய்ச்சலிலேயே முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வளைந்து கொடுக்கும் 9 முதல் 10 அடிக் கோல் நரம்பில் இல்லாத நீட்சியை ஈடுகட்டும்.

உறைபனிக் காலையில் பிரெய்ட் ஏந்தி வரும் நீர் கோல் வளையங்களில் பனிக்கட்டியாகிவிடும். அன்று மோனோ ஸ்பூலை மாட்டுங்கள். பாறையில் மாட்டிய பிரெய்டை வெறுங்கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, பின்னோக்கி நடந்து இழுங்கள்.