குழந்தைகள் வார்டில் மருந்து எழுதும் போக்கை ஆய்வு செய்வது எப்படி?

இந்த மாதிரி ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் நேராக மருந்துகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால், குழந்தையின் எடை என்ன, மருந்து எதற்காக எழுதப்பட்டது என்ற இரண்டும் உங்கள் படிவத்தில் இருக்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பதால் 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மி.கி. வரை போகலாம், சீட்டில் 250 என்று இருந்தால், எடை தெரியாதவர் கண்ணில் அது தவறாகவே படாது. தசமப் புள்ளி இடம் மாறினால் டோஸ் பத்து மடங்காகிவிடும், அதையும் எடையை வைத்துத்தான் பிடிக்க முடியும். எடை குறிக்காத கேஸ் ஷீட்டைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள், எத்தனை சீட்டில் எடை இல்லை என்பதே முக்கியமான முடிவு.

சரி, எதை அளப்பது? உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வெளியிட்ட குறியீடுகளை (ஒரு சீட்டுக்கு எத்தனை மருந்து, எத்தனை ஜெனரிக் பெயரில் (கம்பெனி பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரில்), எத்தனையில் ஆன்டிபயாடிக், எத்தனையில் ஊசி) எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவை புறநோயாளிகளை மனதில் வைத்துச் செய்தவை. வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஊசி அதிகமாகத்தான் இருக்கும், அதைப் புறநோயாளி அளவோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

டிடிடி (DDD, ஒரு மருந்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரையறுத்த சராசரி அளவு) கணக்கும் குழந்தைகளுக்கு உதவாது, அது 70 கிலோ பெரியவரை வைத்துப் போட்டது. அதற்குப் பதில் சிகிச்சை நாட்களை எண்ணுங்கள். ஒரே நாளில் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக் போனால் 2 சிகிச்சை நாள் என்று கணக்கு. மொத்தத்தை 1000 படுக்கை நாட்களுக்கு (ஒரு நோயாளி வார்டில் ஒரு நாள் இருந்தால் ஒரு படுக்கை நாள்) எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கையும் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து 2017-ல் வந்த 'அவேர்' (AWaRe) முறையில் பிரியுங்கள்: அமாக்சிசிலின் 'ஆக்சஸ்' (முதலில் எடுக்க வேண்டியவை), செஃப்ட்ரியாக்சோன் 'வாட்ச்' (கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் அபாயம் அதிகம் என்பதால் கவனமாகத் தர வேண்டியவை), கொலிஸ்டின் 'ரிசர்வ்' (கடைசி வழியாக வைத்திருப்பவை). வாட்ச் மருந்து எதற்கெல்லாம் போகிறது என்பதை உட்கார்ந்து பாருங்கள், என்னைக் கேட்டால் ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காரணம் எழுதியிருக்கிறதா, கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை) அனுப்பினார்களா, முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றினார்களா அல்லது நிறுத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள்.

பச்சிளம் குழந்தைகளைத் தனியாக வையுங்கள். அவர்களுடைய சிறுநீரகமும் கல்லீரலும் இன்னும் முழுதாக முதிராததால் டோஸும் இடைவெளியும் வேறு. நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். படிவத்தில் குழந்தையின் பெயரும் வேண்டாம், எழுதிய டாக்டரின் பெயரும் வேண்டாம்.