அலுமினியம் வெட்டும்போது பிட் உடையாமல் இருக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வீட்டுச் சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) மரப்பலகை வெட்டிப் பழகியவர்கள் அலுமினியத்துக்கு மாறினால் முதல் பலி பிட்தான், அதாவது சுழன்று வெட்டும் முனை. பயந்துபோய் ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, குறைப்பார்கள். அப்போது பிட் வெட்டாமல் உரசும், சூடேறும், சீவல் பல்லில் அப்பிக்கொள்ளும், அப்புறம் டப்பென்று முறியும். குறைக்க வேண்டியது ஒரு பாஸில், அதாவது பிட் ஒருமுறை ஓடும்போது, வெட்டும் ஆழத்தை. 3 மிமீ ஒற்றைப் பல் கார்பைடு பிட்டுக்கு 12,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), நிமிடத்துக்கு 300 மிமீ ஃபீட், ஒரு பாஸுக்கு 0.2 மிமீ ஆழம் என்று தொடங்கலாம். நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்கள். சீவலைக் காற்றடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சீவல் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் விடுவதானால் தெளிக்காதீர்கள், தீ ஆபத்து. பிரஷால் லேசாகத் தொட்டு வைத்தால் போதும். பழைய இரும்புக்கடைத் தகடு மலிவுதான், ஆனால் மென்மையான ரகமாக இருந்தால் பசையாய் ஒட்டும். 6061 என்ற அலுமினியக் கலவை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.