தொழில்–அமைப்பு உளவியலைக் கற்கத் தொடங்குவது எப்படி

தொழில்–அமைப்பு உளவியலைப் புதிதாகப் படிக்க வருபவர்களில் பலர், ஊக்கம், தலைமைப் பண்பு ஆகியவற்றைப் பற்றிய கோட்பாடுகளையே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அவை சுவையானவைதான், ஆயினும் அங்கிருந்து தொடங்குபவர்கள், வேலை என்பதையே பார்க்காமல் வேலை செய்பவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்துக்கு எளிதில் ஆளாகிவிடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. ஒரு வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதன் பிறகே அதைச் செய்யும் மனிதரின் திறமை, மனநிலை, குறை ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும். இத்துறையில் காலம் கடந்து நிற்கும் பணிகள் பெரும்பாலும் இந்த வரிசையில் செய்யப்பட்டவையே.

முதலில் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள். பெயரின் முதற்பகுதியான ‘தொழில்’ என்பது வேலைப் பகுப்பாய்வு, ஆள் தேர்வு, பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு ஆகியவற்றைக் குறிக்கும். இரண்டாம் பகுதியான ‘அமைப்பு’ என்பது ஊக்கம், பணி நிறைவு, குழு, தலைமை, மாற்றம் ஆகியவற்றைக் குறிக்கும். இரண்டும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்க உளவியல் சங்கத்தில் 1945-இல் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு உருவானபோது அதன் பெயரில் தொழிலும் வணிகமும் மட்டுமே இருந்தன. ‘அமைப்பு’ என்ற சொல் 1970-களில்தான் சேர்ந்தது.

அடுத்து வரலாற்றைப் படியுங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்காக அன்று. ஒவ்வொரு ஆய்வையும் பார்க்கும்போது, எந்த வேலையில் எழுந்த எந்தச் சிக்கலைத் தீர்க்க இவர் முயன்றார், தம் முடிவு சரி என்பதை எப்படிச் சோதித்தார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவதற்காக. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அமைத்த உளவியல் ஆய்வகத்தில் பயின்ற இருவர் இத்துறைக்கு அடித்தளம் இட்டனர். வால்டர் டில் ஸ்காட் விளம்பரத்திலிருந்து தொடங்கி விற்பனையாளர் தேர்வுக்கு வந்தார். ஹார்வர்டில் பணியாற்றிய ஹூகோ மன்ஸ்டர்பெர்க், தொழிலுக்கு உளவியலைப் பயன்படுத்துவது பற்றிய தம் நூலை 1912-இல் ஜெர்மனிலும் 1913-இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். அந்நூலில் உள்ள இரண்டு ஆய்வுகளைத் தொடக்க மாணவர் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று டிராம் ஓட்டுநர்களைப் பற்றியது. ஓட்டுநரின் வேலையின் சாரம் பார்வைக் கூர்மையிலோ கை வேகத்திலோ மட்டும் இல்லை என்பதை மன்ஸ்டர்பெர்க் கண்டார். தெருவில் நகரும் பலவற்றை ஒரே நேரத்தில் கவனித்து, அவற்றுள் எது தண்டவாளத்தின் குறுக்கே வரும் என்பதை முன்கூட்டியே உணர்வதில்தான் அது இருந்தது. எனவே நடுவில் தண்டவாளத்தைக் குறிக்கும் இரு கோடுகளும் சுற்றிலும் கட்டங்களும் கொண்ட அட்டைகளை அவர் உருவாக்கினார். கட்டங்களில் இருந்த 1, 2, 3 என்ற எண்கள் நடப்பவர், குதிரை, மோட்டார் வாகனம் ஆகியவற்றை அவற்றின் வேகத்தோடு சேர்த்துக் குறித்தன. கறுப்பு எண்கள் தண்டவாளத்துக்கு இணையாகவும் சிவப்பு எண்கள் அதை நோக்கியும் நகர்பவை. அட்டை நகர நகர, ஆபத்தான இடங்களை மட்டும் சோதிக்கப்படுபவர் சொல்ல வேண்டும். வேலையின் மையத்தை முழுமையாக எடுத்துச் சிறிய வடிவில் சோதனையாக்கும் முறை இது.

இன்னொன்று தொலைபேசி இணைப்பாளர்களைப் பற்றியது. இங்கே அவர் எதிர்வழியில் சென்று, வேலையை நினைவாற்றல், கவனம், கை அசைவின் துல்லியம் போன்ற கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார். நிறுவனத்துக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களிடையே, ஏற்கெனவே சிறப்பாகப் பணியாற்றிவந்த சிலரை மன்ஸ்டர்பெர்க்குக்குத் தெரியாமல் கலந்து அனுப்பியது. முடிவுகள் வந்தபோது அந்த அனுபவசாலிகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒரு சோதனை தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையிலேயே அளக்கிறதா என்பதே ‘ஏற்புடைமை’. அக்கருத்தை விளக்க இதைவிடத் தெளிவான நிகழ்ச்சியை நான் கண்டதில்லை. சோதனையை உருவாக்கியவரின் உறுதிமொழியை ஏற்காமல், வேலைக்களத்தின் சான்றைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே காலத்துப் பொறியாளர் பிரடெரிக் டெய்லரையும் படியுங்கள், ஆனால் எச்சரிக்கையுடன். பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒருவர் ஒரு நாளில் தூக்கிய இரும்புக் கட்டிகளின் எடையை 12½ டன்னிலிருந்து 47½ டன்னாக உயர்த்தியதாக அவர் எழுதினார். அந்த வேலைக்கான நாட்கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக மட்டுமே உயர்ந்தது. அசைவுகளை அளக்க அவர் காட்டிய அக்கறையைக் கற்றுக்கொள்ளலாம். உழைப்பவரின் கருத்தைக் கேட்காத போக்கை விட்டுவிட வேண்டும். பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் அசைவு ஆய்வைக் களைப்பைக் குறைக்கும் நோக்கத்தோடு இணைத்தனர். லில்லியன் 1915-இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இத்துறையின் தொடக்க வரலாற்றில் அவருக்கு உரிய இடம் நீண்ட காலம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

முதல் உலகப் போர் இத்துறையைப் பெருந்திரளான மனிதர்களிடம் கொண்டுசென்றது. உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உருவான ஆல்பா, பீட்டா என்ற அறிவுத்திறன் சோதனைகளுக்குச் சுமார் 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் உட்படுத்தப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்பா. தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் படங்களைக் கொண்ட பீட்டா. பின்னர் இந்த மதிப்பெண்களைக் கொண்டே, சில நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று வாதிட்டார்கள். மொழிப் பழக்கத்தையும் பள்ளிப் படிப்பையும் பிறவி அறிவாக எண்ணிய அந்தத் தவறு உண்மையான மனிதர்களைப் பாதித்தது. பிரிட்டனில் சார்லஸ் மையர்ஸ் 1921-இல் தேசியத் தொழில் உளவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்; அங்கே களைப்பும் சலிப்பும் முதன்மையான ஆய்வுப் பொருள்களாயின.

ஹாதோர்ன் ஆய்வுகளைத் தவிர்க்க இயலாது. சிகாகோவுக்கு அருகில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1924-இல் வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறியத் தொடங்கிய முயற்சி, 1930-களின் தொடக்கம் வரை நீண்டது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியை உயர்த்தியது என்று பாடநூல்கள் சுருக்கிவிடும். அந்தச் சுருக்கத்தை நம்பி நின்றுவிடாதீர்கள். ரிலே என்ற மின்விசைக் கருவிகளைப் பொருத்தும் அறையில் இருந்த சிறு குழுவின் ஊதிய முறை மாற்றப்பட்டிருந்தது. இடையில் இருவர் நீக்கப்பட்டு வேறு இருவர் சேர்க்கப்பட்டார்கள். இவ்வளவு மாறிய பிறகு விளைவுக்கு ஒரே காரணத்தைச் சொல்வது கடினம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்களைக் கவனித்த ஆய்வு. அவர்கள் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று தமக்குள் ஓர் அளவை வைத்திருந்தார்கள். அதை மீறியவரைக் கேலியாலும் தோளில் குத்தியும் வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவரின் செயல்திறன் அவருடைய திறமையால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இது கண்கூடான சான்று.

வரலாற்றை இவ்வளவு அறிந்ததும் நீங்களே ஒரு வேலையைப் பகுப்பாய்வு செய்யுங்கள். உங்களுக்கு அணுக்கமான ஒரு வேலையைத் தேர்ந்து, செய்பவரின் அனுமதியுடன் சில மணி நேரம் அருகில் இருந்து பாருங்கள். பிறகு ஜான் பிளனகன் 1954-இல் விளக்கிய முக்கிய நிகழ்வு முறையைப் பயன்படுத்துங்கள். “இந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும்?” என்று கேட்காதீர்கள், ‘பொறுப்பு’, ‘சுறுசுறுப்பு’ என்ற பொதுச் சொற்களே பதிலாகக் கிடைக்கும். மாறாக, இந்த வேலையை யாரோ மிக நன்றாகவோ மிக மோசமாகவோ செய்த ஒரு நிகழ்வைச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதைய சூழ்நிலை என்ன, அவர் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். இருபது, முப்பது நிகழ்வுகள் சேர்ந்ததும் ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கினால், அந்த வேலைக்குத் தேவையானவை அவ்வடுக்குகளிலிருந்தே புலப்படும்.

அடுத்தது, நல்ல செயல்திறன் என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி. இத்துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன். விற்பனைத் தொகையை மட்டும் அளவுகோலாக்கினால், வளமான பகுதி கிடைத்தவர் திறமைசாலியாகத் தோன்றுவார்; வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கிய உழைப்போ கணக்கிலேயே வராது. மேலாளரின் மதிப்பீட்டை நம்பினால் வேறொரு சிக்கல் வரும். எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் காட்டியபடி, ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் அவருடைய தனித்தனிப் பண்புகளுக்கான மதிப்பெண்கள் அனைத்திலும் பரவிவிடுகிறது.

அளவுகோல் ஓரளவு தெளிவான பிறகே ஆள் தேர்வுக்குச் செல்லுங்கள். நேர்காணலில் எல்லாரிடமும் வேலையிலிருந்து பெற்ற அதே கேள்விகளைக் கேட்டு, முன்னரே வகுத்த அளவையால் மதிப்பெண் இடும் முறை, மனம் போன போக்கில் பேசும் நேர்காணலைவிட நன்றாக முன்கணிக்கிறது. ஆனாலும் எந்த முறையும் துல்லியமானது அன்று. தேர்வு மதிப்பெண்ணும் பிந்தைய செயல்திறனும் எவ்வளவு இணைந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.4 என்றால், செயல்திறன் வேறுபாட்டில் அதன் வர்க்கமான 16 விழுக்காட்டையே அந்த முறை விளக்குகிறது. இந்த எண்களின் பொருள் விளங்கும் அளவுக்குப் புள்ளியியலை உடன் படித்துவாருங்கள்.

பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போது, கற்றவர் மகிழ்ந்தாரா என்பதோடு நிற்காமல், வேலையில் அவர் செய்கை மாறியதா என்று பாருங்கள். ஊக்கத்தைப் படிக்க, தெளிவான, சவாலான இலக்குகள் பற்றிய எட்வின் லாக்கின் ஆய்வுகளும், வேலையின் அமைப்பே ஊக்கம் தரும் என்று விளக்கிய ஹேக்மன், ஓல்ட்ஹாம் ஆகியோரின் கோட்பாடும் நல்ல தொடக்கம்.

கருவிகளை மனிதருக்கு ஏற்ப வடிவமைப்பதை ஆராயும், இத்துறையை ஒட்டி வளர்ந்த மனிதக் காரணிப் பொறியியலையும் எட்டிப்பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பி–17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பின் சிறகு மடல்களை மடக்க வேண்டிய விமானிகள் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். உளவியலாளர் அல்போன்ஸ் சாபனிஸ் ஆராய்ந்தபோது, இரண்டுக்குமான விசைகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தது தெரிந்தது. ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றதற்கு மடல் வடிவமும் கொண்ட பிடிகளைப் பொருத்தினார்கள். விமானிகளின் கவனக்குறைவு என்று எழுதி முடித்திருக்கக்கூடிய சிக்கல் அது.

இறுதியாக, 1971-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கிரிக்ஸ் வழக்குத் தீர்ப்பைப் படியுங்கள். ஒரு மின் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையும் பொதுத் திறன் சோதனைகளையும் நிபந்தனையாக்கியதால், கறுப்பினத் தொழிலாளர்கள் பெருமளவில் விலக்கப்பட்டார்கள். அந்த நிபந்தனைகளுக்கும் வேலையைச் செய்யும் திறனுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே அவை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைப் படித்த கையோடு, நீங்கள் பகுப்பாய்வு செய்த வேலைக்குப் பத்து நேர்காணல் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது உங்கள் குறிப்பேட்டில் உள்ள எந்த நிகழ்விலிருந்து வந்தது என்பதைக் குறியுங்கள். எந்த நிகழ்வும் குறிக்க இயலாத கேள்வியை அடித்துவிடுங்கள்.