தேங்க்ஸ்கிவிங் சைடு டிஷ்: நம் கைப்பழக்கம் கெடுப்பவை

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழனுக்கு முந்தின இரண்டு நாளும் என் போன் ஓயாது. நியூஜெர்சிக்குப் புதிதாகக் குடிவந்த நம் பிள்ளைகள், அமெரிக்கர்கள் வீடு கூடி வான்கோழி வைத்துச் சாப்பிடுகிற தேங்க்ஸ்கிவிங் விருந்தை முதல்முறையாக வைக்கும் நேரம் அது. வான்கோழியைப் பற்றி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். சிலர் கடையில் வாட்டியதையே வாங்கிவிடுவார்கள், சிலர் வீட்டில் அதைச் சாப்பிடுவதே இல்லை. கேள்வியெல்லாம் கூட வைக்கிற பதார்த்தங்களைப் பற்றித்தான். பதினான்கு வருடமாக இந்த விருந்தை வீட்டில் சமைக்கிறேன். நான் முதல் இரண்டு மூன்று வருடம் செய்த தவறுகளை அப்படியே அவர்கள் வாயால் கேட்கும்போது மனசு கேட்கவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உப்பு கூடியது, அடிபிடித்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் கீழே இருப்பவை. குக்கருக்கும் மிக்ஸிக்கும் பழகிய கை, இந்தச் சமையலில் நம்மைக் காலை வாரிவிடுகிறது.

மேஷ்டு பொட்டேட்டோவை மிக்ஸியில் அடிப்பது

போன நவம்பரில் மாலை நான்கு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன், கரண்டியைத் தூக்கினா நூல் நூலா வருது." போய்ப் பார்த்தேன். ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு, இரண்டு ஸ்டிக் வெண்ணெய், நல்ல க்ரீம். எல்லாம் சேர்ந்து சுவரொட்டி ஒட்டுகிற பசையாக இருந்தது. குக்கரில் நான்கு விசில், பிறகு மிக்ஸி. என் முதல் விருந்திலும் இதேதான் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். என் கணவரோடு வேலை பார்ப்பவரின் வயதான அம்மா ஒரு வாய் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்குக் கோபமெல்லாம் "ப்ளெண்டரில் ஒரு சுற்று விட்டால் க்ரீம் மாதிரி வரும்" என்று சொல்லித்தருகிற வீடியோக்கள் மேல்தான். வராது. கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. வேகும்போது அவை தண்ணீரை உறிஞ்சி உப்பும். மெதுவாக மசித்தால் செல்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், பூப்போல உதிரும். பிளேடு சுற்றினால் செல்கள் கிழிந்து, வெந்த மாவு முழுவதும் வெளியே கொட்டி, கஞ்சிப்பசை ஆகிவிடும். உளுந்து அரைக்க அரைக்கப் பொங்கும்; வெந்த கிழங்கு அரைக்க அரைக்க இறுகும். அதற்குப் பிறகு பால் ஊற்றினாலும் வெண்ணெய் போட்டாலும் மீளாது. மறுபடி கிழங்கு வாங்கலாம் என்றால் அன்று பல கடைகள் மூடியிருக்கும்.

குக்கரும் இதற்கு ஆகாது. வெளிப்பக்கம் குழைந்து தண்ணீர் கோத்துக்கொள்ளும், நடுப்பகுதி அப்போதுதான் வெந்திருக்கும்.

நான் இப்போது செய்வது இது. ரசெட் கிழங்கு, அல்லது யூகான் கோல்டு. ரசெட்டில் மாவுச்சத்து அதிகம், எளிதில் உதிரும். யூகான் கோல்டு கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-இல் வெளிவந்த ரகம். வெண்ணெய் போடும் முன்பே மஞ்சளாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். சிவப்புத் தோல் கிழங்கு வேண்டாம். அது சுலபத்தில் மசியாது. நாம் விடாமல் அடிப்போம், பசை வந்துவிடும். ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் உப்போடு போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்ததும் தணலைக் குறைத்தால் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். வடித்த பிறகு அதே சூடான பாத்திரத்தில் இரண்டு நிமிடம் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். முதலில் வெண்ணெய், பிறகுதான் பால். பால் சூடாக இருக்கட்டும்.

மசிக்க இங்கே ரைசர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். அதை வாங்க ஓடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த இடியாப்ப அச்சு உங்கள் அலமாரியில் இருக்கும். அதில் தேன்குழல் வில்லையைப் போட்டுப் பிழியுங்கள். அதே வேலைதான், ஒரு கட்டி கூட இருக்காது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. 1950-களில் பிலடெல்ஃபியா அருகே அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்கு ஃப்ளேக்ஸுக்காக (வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் காய்ந்த செதில்) கண்டுபிடித்த முறை. துண்டுகளைச் சுமார் 70 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, குளிர்ந்த நீரில் நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகு வேகவைப்பார்கள். ஆறும்போது மாவுச்சத்து இறுகிக்கொள்வதால் பிறகு அவ்வளவாகப் பசை விடாது. நேரம் இருப்பவர்கள் செய்து பாருங்கள். அதற்காக மிக்ஸியை எடுக்க வேண்டாம்.

ஸ்டஃபிங்குக்கு அன்றன்றைய பிரெட்

ஸ்டஃபிங் என்பது பிரெட் துண்டுகளில் சாறு ஊற்றி வேகவைப்பது. நமக்குப் புதிது என்றாலே உயர்வு. ஆனால் ஃப்ரைடு ரைஸுக்கு முந்தின நாள் சாதம் எடுக்கிறோம் இல்லையா, அதே கணக்கு இதற்கும். மெத்தென்ற பிரெட்டில் சாறு ஊற்றினால் களியாகிவிடும். துண்டு போட்டு இரண்டு நாள் வெளியே காயவிடுங்கள், அல்லது 250 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் முக்கால் மணி நேரம் உலர்த்துங்கள். பறவையின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைப்பதானால் ஸ்டஃபிங்கின் நடுப்பகுதியும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட வேண்டும். அதற்குள் கறி வறண்டுவிடும். தனித் தட்டில் செய்வதே நல்லது.

சைவம் என்று நம்பிப் பரிமாறுவது

இதில் விளையாட்டு வேண்டாம். கறி சாப்பிடாதவர்களுக்குச் சைடு டிஷ்தான் முழு விருந்தும். பாக்கெட் ஸ்டஃபிங் பலவற்றில் கோழிச்சாறு இருக்கிறது. கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த கொழுப்பில் செய்வது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் அடுக்குகிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. என் மாமியார் அதை இரண்டு வருடம் ஆசையாகச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவரிடம் அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அதற்குப் பதில் பீக்கன் பருப்பும் பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயில் பிசறித் தூவுகிறேன். அதுவும் இந்த ஊர் வழக்கம்தான்.

கிரீன் பீன்ஸ் கேஸரோலில் வெங்காயத்தை முதலிலேயே தூவுவது

கேஸரோல் என்றால் தட்டில் பரப்பி ஓவனில் வேகவைப்பது. மேலே தூவுகிற வறுத்த வெங்காயம் முதலிலேயே போனால் ரசத்தில் போட்ட அப்பளம் போலாகும். கடைசி ஐந்து நிமிடம் போதும். 1955-இல் இங்கே கேம்டனில், கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரெய்லி இந்தக் கேஸரோலை உருவாக்கியதே வீட்டில் இருப்பதைக் கொண்டு சுலபமாகச் செய்யத்தான். பீன்ஸும் மஷ்ரூம் சூப்பும் குழைந்து கிடக்க, மேலே வறுத்த வெங்காயம் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். இஞ்சி பூண்டு விழுதெல்லாம் இதற்கு வேண்டாம்.

கிரான்பெரி கெட்டியாகவில்லையே என்று கொதிக்கவிட்டுக்கொண்டே இருப்பது

கிரான்பெரி என்கிற புளிப்பான சிவப்புப் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிச் செய்கிற சாஸ் இது. பழம் வெடித்ததும் இறக்குங்கள். ஆறினால் தானே இறுகும்.

மிச்சத்தை மேசையிலேயே விடுவது

இரண்டு மணி நேரம். அதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

எல்லாவற்றையும் வான்கோழியோடு ஒரே நேரத்தில் ஓவனுக்கு வைத்திருப்பது

ஓவன் ஒன்றுதான், அதை மணிக்கணக்கில் வான்கோழி பிடித்துக்கொண்டிருக்கும். அது வெளியே வந்த பிறகு அரை மணி நேரமாவது வெட்டாமல் ஆறவிட வேண்டும். அந்த அரை மணிதான் உங்களுக்கு. ஸ்டஃபிங், கேஸரோல், சர்க்கரைவள்ளி மூன்றையும் முன்பே தயாராகத் தட்டில் பரப்பி வைத்திருந்து அப்போது உள்ளே தள்ளுங்கள். தட்டுகளின் அளவை முந்தின நாளே காலி ஓவனில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கிரான்பெரியை இரண்டு நாள் முன்பே செய்துவிடலாம். பிழிந்து வைத்த கிழங்குக்கு ஓவனே வேண்டாம். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மூடிவிட்டால், விருந்தாளிகள் வந்து உட்காரும் வரை சூடு ஆறாது.