எச்ஓ மாடல் ரயில் ஊரில் நடைபாதையும் தார் ரோடும்: எதற்கு எந்தப் பொருள்

எச்ஓ அளவில் (1:87) ஓர் அடி என்பது 3.5 மி.மீ. அமெரிக்கச் சிற்றூர்த் தெருவை எடுத்துக்கொண்டால், 12 அடித் தடம் இரண்டு சேர்ந்து 84 மி.மீ.; 5 அடி நடைபாதை 17.5 மி.மீ.; நடைபாதை விளிம்பில் 6 அங்குல உயர ஓரக்கல் 1.75 மி.மீ. பொருளைத் தீர்மானிப்பது இந்தக் கடைசி எண்தான். ஓரக்கல் கூர்மையாகத் தெரிந்தால் தெரு உண்மையாகத் தோன்றும்.

அதனால் நடைபாதைக்கு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடே சிறந்தது. பசையில் கலந்த தண்ணீர் பட்டால் அட்டை ஊதிவிடும். 1.5 மி.மீ., 2 மி.மீ. தகடுகளை ஒட்டி 3.5 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள்; கீழ்ப் பாதி ரோட்டுப் பூச்சில் மறைந்துவிடும். நடைபாதைப் பாளங்களின் இணைப்பு தெரிய 17.5 மி.மீ.க்கு ஒரு கோடு, கத்தியின் முதுகால் கீறுங்கள். கூர்முனையால் கீறினால் இருபுறமும் பிசிறு எழும். வெயில் காலத்தில் ஸ்டைரீன் நீளும், 60 செ.மீ.க்கு ஒரு மி.மீ. இடைவெளி விடாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும்.

ரோட்டுக்குச் சுவர்ப் பட்டி. அடியில் இருக்கும் ப்ளைவுட் பலகைக்கு முதலில் பெயிண்ட் ஒரு கோட் கொடுங்கள். காய்ந்த பலகை ஈரத்தை உறிஞ்சினால் பட்டி வெடித்துப் பெயரும். ரோட்டின் இருபுற நடைபாதைகளையும் முதலில் ஒட்டிவிடுங்கள். இரண்டின் மேலும் உட்காரும்படி ஒரு அட்டையை வெட்டி, ஓரத்தில் 1.75 மி.மீ. கீழிறங்கவும் நடுவில் ஒரு மி.மீ.க்குக் குறைவாக மேடு வரவும் செதுக்கிக்கொண்டு, அதைக் கொண்டே பட்டியை இழுங்கள். ஒரே பூச்சாகப் போட்டால் விரிசல் விழும், இரண்டாகப் போடுங்கள். பிறகு 400 நம்பர் உப்புத்தாள்.

அவசரமென்றால் அந்தக் கறுப்பு உப்புத்தாளையே ரோடாக ஒட்டலாம். பின்பக்கமிருந்து வெட்டுங்கள், கத்தி மழுங்காது. தாள்கள் சேரும் இடத்தைக் குழி தோண்டி மூடிய ஒட்டுப்போல வரைந்து மறைத்துவிடலாம்.

எதுவானாலும் முழுக் கறுப்பு வேண்டாம். பழைய தார் வெளுத்த சாம்பல் நிறம்தான். பளபளப்பில்லாத அக்ரிலிக் பூசுங்கள்.

ரயில் கிராசிங்கில் மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே பட்டி கூடாது. சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தில் ஒரு துளி காய்ந்தாலும் வண்டி ஏறித் தடம் புரளும். அங்கே ஸ்டைரீன் துண்டு வைத்து, இருபுறமும் 1.5 மி.மீ. வழி விட்டு, தண்டவாளத் தலைக்கு அரை மி.மீ. கீழே நிறுத்துங்கள். சமமாக வைத்தால் தண்டவாளம் துடைக்கும் கட்டை ஒவ்வொரு முறையும் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு போகும்.