லொக்கேட்டர் போடும் கோடும் மண்ணுக்குள் கிடக்கும் குழாயும்

புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் லொக்கேட்டரோடு திணறுவதைப் போன வாரம் பார்த்தேன். மண்ணுக்குள் கிடக்கும் குழாயையும் கேபிளையும் தேடும் கருவி அது: டிரான்ஸ்மிட்டர் குழாயில் சிக்னல் ஏற்றும், கையில் பிடிக்கும் ரிசீவர் மேலிருந்து அதைக் கேட்கும். 8 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் மங்கலாக வந்தது. 33-க்கு ஏற்றினார், போதவில்லை. 65-ல் வைத்ததும் ரிசீவர் கணீரென்று கத்த, தரையில் கோடு போடப் பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். அதே தப்பைச் செய்து அதற்கு விலையும் கொடுத்தவன் நான்.

லொக்கேட்டரில் செய்யும் தப்புகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். சார்ஜ் போடுவது, கையேடு படிப்பது பற்றியெல்லாம் எழுதவில்லை. அவை தானாகப் பழகிவிடும்.

சத்தம் அதிகம் வரும் இடத்தில் கோடு போடுவது

நான் தப்பு செய்த அன்று தேடியது பழைய இரும்புக் குடிநீர்க் குழாய். வால்வில் டிரான்ஸ்மிட்டரை மாட்டினேன். குழாயின் இணைப்புகளில் ரப்பர் வளையம் இருந்ததால் சிக்னல் அங்கங்கே தடுமாறியது. காரணம் யோசிக்காமல் அதிர்வெண்ணை ஏற்றினேன். உயர்ந்த அதிர்வெண் ரப்பரைத் தாண்டும், உண்மைதான். ஆனால் பக்கத்தில் ஓடும் கேபிளுக்கும் அதே சுலபத்தில் தாவிவிடும். மேலாகக் கிடந்த அந்தக் கேபிளையே குழாய் என்று நம்பிக் கோடு போட்டு, "இந்தப் பக்கம் காலி, தோண்டுங்க" என்று கை காட்டினேன்.

பொக்லைனின் பல் முதல் வாரலிலேயே குழாயைப் பிளந்தது. சேறும் தண்ணீருமாகப் பள்ளம் கொப்பளித்து ஏற, ஓட்டுநர் எந்திரத்தை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். என் கோட்டுக்கும் குழாய்க்கும் ஒரு கை நீளம்தான்.

இன்றும் எரிச்சலாக வருகிறது. ஏனென்றால் கருவி எச்சரிக்கத்தான் செய்தது. 'பீக்' (சிக்னல் உச்சமாக வரும் இடம்) காட்டிய இடமும் 'நல்' (சிக்னல் அடங்கிப்போகும் இடம்) காட்டிய இடமும் ஒன்றரை சாண் விலகியிருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் வர வேண்டும். பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. அப்படி விலகினால் பக்கத்துக் கம்பியின் காந்தப்புலம் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் ரிசீவர் காட்டும் ஆழக் கணக்கையும் நம்பக் கூடாது.

சத்தத்தோடு ரிசீவர் காட்டும் மின்னோட்ட அளவையும் பாருங்கள். மேலாகக் கிடக்கும் கேபிள் கொஞ்சம் மின்னோட்டத்திலேயே பெரிதாகக் கத்தும். நாம் சிக்னல் ஏற்றிய குழாயில்தான் பெரும்பாலும் மின்னோட்டம் அதிகம். தூரம் போகப் போக அது மெல்லக் குறைய வேண்டும். சட்டென்று விழுந்தால் கிளை பிரிகிறது, இல்லையென்றால் வேறெங்கோ தாவிவிட்டது.

அதிர்வெண்ணில் கை வைக்கும் முன் எர்த் கம்பியை, அதாவது டிரான்ஸ்மிட்டரின் இன்னொரு வயரை மாட்டி மண்ணில் அடிக்கும் கம்பியைக் கவனியுங்கள். குழாய் போகும் திசைக்குச் செங்குத்தாக, எட்டத் தள்ளி அடிக்க வேண்டும். வேலியிலோ வேறு குழாயிலோ மாட்டவே கூடாது, சிக்னல் அதன் வழியே திரும்பி வரும். அந்த இளைஞர் இழுத்திருந்த எர்த் வயர் வேறொரு கேபிளுக்குக் குறுக்கே போயிருந்தது. எதிர்ப்பக்கம் மாற்றி அடித்து, அடியில் தண்ணீர் ஊற்றி, 8-க்கே இறங்கினோம். பீக்கும் நல்லும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

50 ஹெர்ட்ஸில் சத்தமில்லை, அதனால் கேபிள் இல்லை என்பது

டிரான்ஸ்மிட்டர் இல்லாமல், மின்கேபிளின் சொந்த 50 ஹெர்ட்ஸ் சிக்னலை ரிசீவர் கேட்கும் முறை இது. மின்னோட்டம் ஓடாத கேபிள் சத்தம் போடாது. மூன்று ஃபேஸும் சமமாக ஓடினால் புலங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், உயிருள்ள கேபிளே ஊமையாகக் கிடக்கும்.

ஆழ எண்

குழாயின் நடுவுக்கான கணக்கு அது, மேற்புறத்துக்கு அல்ல. வளைவு, கிளை அருகே எடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் குழாய்

பிளாஸ்டிக்கில் சிக்னல் ஓடாது. கூடவே டிரேசர் வயர் (சிக்னல் ஏற்றுவதற்காகப் புதைக்கும் உலோகக் கம்பி) புதைத்திருந்தால் அதில் மாட்டித் தேடுங்கள்.

டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தேடுவது

குழாயில் மாட்டாமல் தரையில் வைத்தால், பக்கத்தில் காற்று வழியாக வரும் சிக்னலைத்தான் கேட்பீர்கள். குறைந்தது 10 மீட்டராவது தள்ளிப் போங்கள்.